ஓட்டல் டேப்களுக்குப் பூட்டு போட்ட அனுபவம்

தென்காசியில் ஒரு சைவ ஓட்டல். சப்ளையர்கள் ஆர்டர் எடுக்க எட்டு இஞ்ச் டேப் ஐந்து, கிச்சன் சுவரில் பத்து இஞ்ச் டேப் இரண்டு, டெலிவரி பையன்களிடம் ஆண்ட்ராய்டு போன் மூன்று. இந்தப் பத்திலும் ஓட்டல் வேலை மட்டும்தான் ஓட வேண்டும், வேறு எதுவும் திறக்கக் கூடாது. இதுதான் எனக்கு வந்த வேலை. "ரீல்ஸ் மட்டும் ஓடக் கூடாது தம்பி. மத்ததெல்லாம் நீயே பாத்துச் செஞ்சுரு" என்று அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

பூட்டு ஏற்கெனவே ஒன்று இருந்தது. பில்லிங் மென்பொருள் போட்டவர்கள் போகிற போக்கில் ஒரு கியாஸ்க் ஆப்பையும் (டேப்பைக் குறித்த வேலைக்குள் மட்டும் நிறுத்தி வைக்கிற ஆப்) ஏற்றி, அதையே ஹோம் ஸ்கிரீனாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே வர நாலு இலக்க பின். அந்த பின் டேபிள் துடைக்கிற பையன் வரைக்கும் தெரியும். தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைச்சல் இல்லை. "எப்படில திறக்கீங்க?" என்று இருப்பதிலேயே இளைய சப்ளையரிடம் கேட்டேன். "இது என்னண்ணே பெரிய வித்தையா" என்று டேபிள் நம்பர் கட்டத்தைத் தொட்டான். கீபோர்டு வந்தது. அதன் தலையில் பல்சக்கர ஐகான், உள்ளே செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி பாலிசி என்று ஒரு வரி. அதைத் தட்டியதும் குரோம் திறந்தது. குரோம் திறந்தபிறகு யூடியூபுக்கு எவ்வளவு தூரம்? இன்னொருவன் கையில் வேறு வழி இருந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை வைத்தபடியே இருந்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். சேஃப் மோடில் நாமாக ஏற்றிய ஆப் எதுவும் ஓடாது. அந்தப் பூட்டும் நாமாக ஏற்றிய ஆப்தானே!

இந்த வகைப் பூட்டுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டாலும் எங்காவது சந்து இருக்கும். காரணம், ஆண்ட்ராய்டின் கண்ணில் அது பூட்டே இல்லை. மேலே வந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆப். ஆண்ட்ராய்டிலேயே 'ஆப் பின்னிங்' என்று ஒன்று 2014இல் 5.0 பதிப்போடு வந்தது. அது குழந்தை கையில் போனைக் கொடுக்கும்போது உதவும். பேக், ரீசண்ட் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் கழன்றுவிடும். சரியான பூட்டு 'லாக் டாஸ்க் மோடு'. அனுமதித்த ஆப்களைத் தவிர வேறு எதையும் திறக்க விடாமல் சிஸ்டமே தடுக்கும். கீபோர்டிலிருந்து குரோமை அழைத்தாலும் வராது. ஆனால் அதைப் போடும் அதிகாரம் 'டிவைஸ் ஓனர்' என்ற பதவியில் இருக்கும் ஆப்புக்கு மட்டும்தான். அந்தப் பதவியை டேப் புதிதாக இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும். ஒரு ஜிமெயில் உள்ளே ஏறியிருந்தால்கூட, "இதில் ஏற்கெனவே அக்கவுண்ட் இருக்கிறது" என்று மறுத்துவிடும். கணினியிலிருந்து கேபிள் போட்டுக் கொடுக்கும் ஏடிபி கட்டளை வழியாகப் போனாலும் அதே பதில்தான். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் டேப்பில் இதை ஒட்டுப்போட முடியாது. எல்லாவற்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்து பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தக் கருவி என்று யோசிக்க வேண்டியிருந்தது. சோஹோவின் மேனேஜ்என்ஜின், பெங்களூருவின் 42கியர்ஸ், ஓப்பன் சோர்ஸ் வேண்டுமென்றால் ஹெட்விண்ட் என்று, பல டிவைஸ்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் எம்டிஎம் மென்பொருள்கள் நிறையவே உண்டு. கோடு எழுதத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத கடைக்கு நான் அவற்றில் ஒன்றைத்தான் சொல்வேன். இங்கே மாதச் சந்தா என்றதும் அண்ணாச்சியின் முகம் மாறியது. அதனால் அதே வேலையை நம் புரோகிராமிலிருந்தே செய்ய விடும் கூகுளின் ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏபிஐயை நேரடியாகப் பிடித்தேன். டேப்பில் கூகுளின் 'ஆண்ட்ராய்டு டிவைஸ் பாலிசி' ஆப் டிவைஸ் ஓனராக உட்காரும். என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை நாம் ஒரு ஜேசான் கோப்பாக (குறித்த வடிவில் எழுதும் சாதாரண எழுத்துக் கோப்பு) எழுதி அனுப்பினால் அது நிறைவேற்றும். கோப்பை அனுப்ப ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும்.

ஐபேட் வாங்கினால் என்ன என்று அண்ணாச்சி மகன் கேட்டார். கைடட் அக்சஸ் என்று ஒன்று எந்த ஐபேடிலும் உண்டு, கண்காட்சியில் காட்ட நன்றாக இருக்கும். நிரந்தரமாக ஒரே ஆப்பில் நிறுத்த 'சூப்பர்வைஸ்டு' ஆக்க வேண்டும். கையில் இருக்கும் ஐபேடை அப்படி மாற்ற உள்ளே இருப்பதை அழித்தாக வேண்டும். சாம்பார்க் கை படும் இடத்துக்கு அந்த விலை வேண்டாம் என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்தோம்.

ஜேசானுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, இந்த எல்லாவற்றுக்கும் தாய் அக்கவுண்ட் யாருடையது என்பது. ஏபிஐயில் 'என்டர்பிரைஸ்' ஒன்றைத் தொடங்கும்போது ஒரு மின்னஞ்சல் அக்கவுண்ட் கேட்கும். வேலை செய்கிறவர் தன் ஜிமெயிலைப் போட்டுவிட்டுப் போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். அவர் போன் நம்பரை மாற்றினால் கடைக்காரர் நடுத்தெருவில் நிற்பார். கடை பெயரில் புது ஜிமெயில் தொடங்கி, மீட்பு நம்பராக அண்ணாச்சியின் நம்பரையே கொடுத்து, பாஸ்வேர்டை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்தேன். தாள் கல்லாவுக்குள் போகவில்லை, வீட்டு பீரோவுக்குப் போனது.

ஏற்றுவது சுலபம். ரீசெட் ஆன டேப்பில் வரவேற்புத் திரை வந்ததும், எழுத்தோ பட்டனோ இல்லாத ஓர் இடத்தில் ஆறு தடவை தட்ட வேண்டும். க்யூஆர் கோடு படிக்கும் கேமரா திறக்கும். லேப்டாப்பில் தயாராக வைத்த கோடைக் காட்டினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஓட்டல் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அந்தக் கோடுக்குள்ளேயே போகும் என்பதால் டைப் செய்கிற வேலையும் இல்லை. நினைவில் வைக்க வேண்டியது, நாமாக நேரம் கூட்டிக் கேட்காவிட்டால் அந்தக் கோடின் ஆயுள் ஒரு மணி நேரம்தான். நடுவில் டிபன் வந்தது, காபி வந்தது என்று எழுந்து போனால் வேறு கோடு எடுக்க வேண்டியிருக்கும்.

கிச்சனுக்கென்று வைத்திருந்த டேப்களில் ஒன்று மட்டும் ஏறவே இல்லை. ஆறு தடவை என்ன, அறுபது தடவை தட்டினாலும் கேமரா வரவில்லை. அண்ணாச்சியின் மச்சான் ஆன்லைனில் மலிவாகப் பிடித்த, பெயர் தெரியாத கம்பெனி டேப். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் பார்த்தால், இந்த டிவைஸ் சான்று பெறவில்லை என்று இருந்தது. கூகுளின் சான்று இல்லாத டேப்பில் இந்த வேலை நடக்காது. கடைக்கு டேப் வாங்குகிறவர்கள் கடையிலேயே பிரித்து, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது. அதை வீட்டுப் பிள்ளைகள் படம் பார்க்க அனுப்பிவிட்டு, தெரிந்த பிராண்டில் வேறொன்று வாங்கினோம்.

பாலிசியை, அதாவது அந்த ஜேசான் கோப்பை, இரண்டாக எழுதினேன். ஒன்று 'திறந்தது', இன்னொன்று 'பூட்டியது'. டேப் முதலில் திறந்த பாலிசியோடுதான் ஏறும். பிரிண்டர், புளூடூத் என்று சேர்க்க வேண்டியதை எல்லாம் சேர்த்து முடித்தபிறகு, ஒரு வரி மாற்றி அனுப்பினால் பூட்டிய பாலிசிக்குப் போகும். இதற்குக் காரணம் உண்டு. புளூடூத் இணைக்கும்போது வரும் 'பேர் செய்யவா' பெட்டி செட்டிங்ஸ் ஆப்புக்குச் சொந்தமானது. பூட்டிய நிலையில் செட்டிங்ஸ் வராது, பெட்டியும் வராது. நாம் டேப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சப்ளையர் டேப்பில் ஆர்டர் எடுப்பது ஒரு வலைப்பக்கம். அதை மேனேஜ்டு கூகுள் பிளேயில் (இப்படிக் கட்டுப்பாட்டில் இருக்கும் டிவைஸ்களுக்கான பிளே ஸ்டோர்) 'வெப் ஆப்' ஆக்கி, முழுத்திரையில் திறக்கும்படி வைத்தேன். முகவரிப் பட்டை தெரியாது. ஆனால் வெப் ஆப் ஓட உள்ளே குரோம் இருந்தாக வேண்டும். இதனால் ஹோம் பக்கத்தில் ஆர்டர் ஐகானுக்குப் பக்கத்தில் குரோமும் வந்து நின்றது. சப்ளையர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம். குரோமுக்குத் தனியே கட்டுப்பாடு உண்டு: தடுக்கும் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி, அனுமதிக்கும் பட்டியலில் பில்லிங் தளத்தின் முகவரி மட்டும். நட்சத்திரம் என்றால் உலகத்தில் உள்ள எல்லாத் தளமும். இப்போது குரோமைத் திறந்து எதைத் தேடினாலும், நிர்வாகி தடுத்திருக்கிறார் என்ற பக்கம்தான் வரும். அந்த நிர்வாகி யார் என்று என்னைப் பார்த்தே ஒருவன் கேட்டான்.

மற்றவை சிறு சிறு விஷயங்கள். சேஃப் மோடு மூடல். புது யூசர் சேர்க்கத் தடை. மேல் பட்டையில் கடிகாரமும் பேட்டரியும் மட்டும் தெரியும்படி விட்டேன். அதையும் மறைத்தால் சார்ஜ் இறங்குவது தெரியாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டேப் கையிலேயே அணைந்துபோகும். முழுக்க இறங்கிப்போன டேப் சில சமயம் தேதியை மறந்துவிட்டு எழுந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று ஆர்டர் பக்கம் திறக்காது, செட்டிங்ஸும் பூட்டியிருப்பதால் கையால் திருத்தவும் முடியாது. ஆகவே நேரத்தை நெட்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி பாலிசியிலேயே கட்டாயமாக்கினேன்.

டெலிவரி போன்களில் கதை வேறு. ஆர்டர் ஆப், மேப்ஸ், போன் பேசுகிற டயலர், இந்த மூன்றும் வேண்டும். டயலரைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், வருகிற அழைப்பை எடுக்கத் திரையே வராது. சேர்த்தாலும், பையன் மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பு ஒரு நோட்டிஃபிகேஷனாகத்தான் தலையைக் காட்டும். ஆகவே நோட்டிஃபிகேஷனைத் திறக்க வேண்டும். அது திறக்க வேண்டுமானால் ஹோம் பட்டனும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்றைத் திறந்தால்தான் மற்றொன்று வேலை செய்யும் என்பது ஆவணத்தில் ஒரு மூலையில் ஒரு வரியாக இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விட்டுப் பூட்டு கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

கிச்சன்தான் அதிக வேலை வாங்கியது. ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை ஆவி, இன்னொரு பக்கம் தோசைக்கல் சூடு. மாஸ்டர் கையில் எந்த நேரமும் மாவோ எண்ணெயோ இருக்கும். ஈரவிரல் பட்டால் டச் ஸ்கிரீன் தப்புத் தப்பாகப் புரிந்துகொள்ளும்; ரவா தோசையை முடித்தால் பக்கத்து டேபிள் பொங்கல் முடிந்ததாகக் காட்டும். கிச்சன் ஆப்பில் எண் விசையை அழுத்தி ஆர்டரை முடிக்கிற வசதி இருந்தது. ஒரு சின்ன புளூடூத் நம்பர் பேடை வாங்கி, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றி, மேடை ஓரத்தில் ஒட்டினேன். மூன்றாவது ஆர்டர் முடிந்தால் 3ஐ ஒரு தட்டு. தாள் பிசுபிசுத்தால் உரித்துப் போட்டுவிட்டு வேறு தாள். முழுக் கீபோர்டு வைக்காததற்குக் காரணம், அதில் ஆல்ட், விண்டோஸ் என்று வேண்டாத விசைகள் எல்லாம் இருக்கும். நம்பர் பேடில் விளையாட ஒன்றும் கிடையாது. மாஸ்டர் இரண்டு நாளில் பார்க்காமலே அடிக்கப் பழகிவிட்டார்.

பழைய கிச்சன் டேப்பின் முதுகு லேசாக உப்பியிருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜரில், அதுவும் சூட்டில் கிடந்தால் லித்தியம் பேட்டரி அப்படித்தான் ஆகும். உப்பியதை உடனே மாற்றச் சொன்னேன், அதில் பேரமே இல்லை. இப்போது மாட்டியிருப்பது அடுப்பிலிருந்து தள்ளி, ஆவி போகாத சுவரில். சார்ஜருக்கு ஒரு டைமர் சாக்கெட். கொஞ்ச நேரம் சார்ஜ், கொஞ்ச நேரம் ஓய்வு. இதிலும் ஒரு சிக்கல். சார்ஜில் இருக்கும்வரை திரை அணையக் கூடாது என்று பாலிசியில் போடலாம். ஆனால் டைமர் கரண்டை நிறுத்தியதும் அந்த விதி செல்லாது, திரை அணைந்துவிடும். கடைசியில் கிச்சன் ஆப்பின் உள்ளேயே இருந்த 'திரையை அணைக்காதே' என்பதைப் போட்டதும் சரியானது.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, பத்தும் படுத்துட்டு." முந்தின நாள் இணையக் கம்பெனி ஆள் வந்து ரவுட்டரை மாற்றியிருக்கிறார். புது ரவுட்டருக்குப் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. டேப்கள் பழைய பெயரைத் தேடி நிற்கின்றன. செட்டிங்ஸ் பூட்டியிருக்கிறது, பாலிசியை மாற்றி அனுப்பலாம் என்றால் அது போய்ச் சேர நெட் இல்லை. டெலிவரி போன்களில் சிம் இருந்தாலும் அவற்றில் டேட்டா பேக் போடவில்லை. பூட்டு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இதற்காகவே பாலிசியில் 'நெட்வொர்க் எஸ்கேப் ஹேட்ச்' என்று ஒன்று உண்டு. டேப் எழும்போது நெட் கிடைக்காவிட்டால், தற்காலிகமாக வேறு வைஃபையில் சேரட்டுமா என்று கேட்கும். முன்பே அதைப் போட்டு வைத்திருந்ததால் ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஆனால் அதைவிடச் சுருக்கமான வழி இருந்தது. புது ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே அதற்கு வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி மகன் போனிலேயே செய்துவிட்டார். டேப்கள் எல்லாம் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு பாலிசியில் இரண்டாவது வைஃபை ஒன்றையும் சேர்த்தேன்: அண்ணாச்சி போனின் ஹாட்ஸ்பாட். அவர் கல்லாவில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால் பத்தும் நெட்டுக்கு வந்துவிடும்.

பையன்களில் ஒருவன் யூடியூபில் பார்த்து, வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்து ரெக்கவரி வழியாக ஃபேக்டரி ரீசெட் அடித்துவிட்டான். செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட்டைத்தான் பாலிசி மூடும், இதை மூடாது. ஆனால் இப்படி அழித்தபிறகு டேப்பை உள்ளே விட, பாலிசியில் நாம் குறித்த ஜிமெயிலைக் கேட்கும். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் டேப் அவனுக்குச் சொந்தமாகியிருக்கும். அவனை வேலையை விட்டு அனுப்பப் போனார் அண்ணாச்சி. நான் தடுத்தேன். பையன்கள் ஓய்வு நேரத்தில் சொந்த போனில் பார்க்க, கைகழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு சார்ஜர் பலகையும் தனி கெஸ்ட் வைஃபையும் கேட்டு வாங்கினேன். ஓட்டல் டேப்பில் ரீல்ஸ் பார்க்கிற அவசியம் பாதி அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் பூட்டு.

அப்டேட் விஷயத்தில் தென்காசிக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு. இங்கே குற்றாலச் சீசனும் ஐயப்ப சீசனும்தான் வியாபாரம். அந்த நாட்களில் சிஸ்டம் அப்டேட் வந்து ஏதாவது உடைந்தால் தாங்காது. ஆண்ட்ராய்டு 9 முதல் அப்டேட்டை உறைய வைக்கும் காலம் குறிக்கலாம். ஒரு தடவைக்கு 90 நாளுக்கு மேல் கூடாது, இரண்டு உறைவுக்கு நடுவில் 60 நாளாவது இடைவெளி வேண்டும். ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை 78 நாள், நவம்பர் 16 முதல் ஜனவரி 16 வரை 62 நாள், நடுவில் 76 நாள். சீசன் கூகுளின் விதிக்குள் அழகாகப் பொருந்திவிட்டது. மற்ற நாட்களில் இரவு 1 மணி முதல் 4 மணி வரை. உறைவுக் காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது என்பதால் தேவைக்கு மேல் நீட்டவில்லை.

ஆப் அப்டேட் தனி. எப்போதும் திரையில் திறந்தே கிடக்கும் ஆப்பை பிளே ஸ்டோர் சாதாரணமாகத் தானாகப் புதுப்பிக்காது; பாலிசியில் அப்டேட்டுக்கு நேரம் குறித்திருந்தால் அந்த நேரத்தில் புதுப்பிக்கும். கட்டாயப்படுத்தினால் வேலை நடுவே ஆப்பை மூடிவிட்டுப் புதுப்பிக்கும். 2021 மார்ச்சில், ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவின் அப்டேட் ஒன்று உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு ஆப்களைக் கவிழ்த்தது ஞாபகம் இருக்கலாம். அதனால் கட்டாயமும் வேண்டாம், தானாக நடப்பதும் வேண்டாம் என்று, வாரம் ஒருமுறை கடை அடைத்தபிறகு திறந்த பாலிசிக்கு மாற்றி, ஒரு டேப்பில் மட்டும் அப்டேட் செய்து மறுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகிறோம்.

கடைசியாகக் கிச்சன் மணி. புது ஆர்டர் வந்தால் டேப் மணியடிக்கும். எரிச்சலில் யாராவது வால்யூமைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள், ஆர்டர் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. வால்யூமை மாற்றத் தடை என்று பாலிசியில் ஒரு வரி இருக்கிறதே, போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வரி வால்யூமைப் பூட்டுவதோடு டேப்பை ஊமையாக்கியும் விடும். அதைத் தொடாமல், கேஓடி (கிச்சனுக்கான ஆர்டர் சீட்டு) அடிக்கும் 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டரின் செட்டிங்கில் இருந்த பஸ்ஸரை ஆன் செய்தேன். சீட்டு வெட்டி விழும்போது பிரிண்டரே கத்துகிறது. அதைக் குறைக்க வெளியில் பட்டன் கிடையாது. சத்தம் ஜாஸ்தி என்று மாஸ்டர் இன்னும் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்வதில்லை.